நாளைக்கு ஆகாத போர்டு

தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர் 'தீர்ப்பு'. வைத்தவர்கள் நல்லெண்ணத்தில் ஒன்றும் வைக்கவில்லை. குழாய் செய்யும் கம்பெனி அது. அங்கே தரம் பார்க்கும் வேலை அவருக்கு. பளபளவென்று வந்து நிற்கும் குழாயைத் திருகிப் பார்ப்பார், தண்ணீர் விட்டுப் பார்ப்பார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், பிறகு அதன் கழுத்தில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். பச்சை ஸ்டிக்கரும் கொடுத்துத்தான் இருந்தார்கள். அந்தச் சுருள் வாங்கிய மேனிக்கு டிராயரில் தூங்குகிறது என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். சுருளில் மேல் சுற்று மட்டும் தீர்ந்திருந்தது.

வேலையோடு விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மனிதர் அந்தச் சிவப்பு ஸ்டிக்கரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கும் வந்தார். மனைவி வாங்கிய செருப்பு, மச்சான் கட்டிய மாடி, எதிர்வீட்டுக்காரர் போட்ட புது கேட், எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான். "குப்பை." சொல்லிவிட்டு மூக்கு வழியாகச் சின்னதாக ஒரு மூச்சு விடுவார். வார்த்தையைக்கூட அவர் மனைவி பொறுத்துக்கொள்வார். அந்த மூச்சுக்குத்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாழ்க்கையில் தீர்ப்பு வாய் திறந்து பாராட்டியவை மிகக் கொஞ்சம். அதில் ஒன்று, அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளை. இவரே நேரில் போய், அலுவலகத்தில் விசாரித்து, தெருவில் விசாரித்து, "ஆள் தங்கம், கண்ண மூடிட்டுக் குடுக்கலாம்" என்று வந்து சொன்னார். வீட்டில் எல்லோரும் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்கள். தங்கத்துக்கு வேறொரு ஊரில் இன்னொரு குடும்பம் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அக்கா ஒரு பெட்டியோடு கிளம்பி வந்து, ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, தனியாகத் தன் காலில் நின்றார். தீர்ப்பு அந்த மாப்பிள்ளையைப் பற்றி அப்புறம் பேசியதே இல்லை. யாராவது எடுத்தால், "காலம் கெட்டுப் போச்சு" என்பார். காலத்தின் கழுத்திலும் ஒரு ஸ்டிக்கர்.

அவர் பாராட்டிய இன்னொரு பொருள் அவருடைய கம்ப்யூட்டர். அதைப் பற்றிக் கேட்டுவிட்டீர்களானால் அன்றைக்குச் சாப்பாடு ஆறிவிடும். உள்ளே எல்லா உறுப்புகளும் வந்து உட்காரும் பலகையான மதர்போர்டு எதை வாங்குவது என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தார். நினைவுச் சில்லுகளான ராம் செருக எத்தனை இடம், அடுத்து வரப்போகும் பிராசஸரை ஏற்குமா, முழு வேகத்தில் ஓடும்போது சூடு தாங்குமா, மேலே இன்னும் என்னென்ன மாட்டலாம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வாங்கினார். ராமுக்கு நாலு இடம் இருந்தது, இரண்டில்தான் ராம் இருந்தது. மற்ற இடங்களும் காலியாகவே கிடந்தன. மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்து, "எதுக்குங்க இத்தனை ஓட்டை?" என்று கேட்டார்.

"நாளைக்கு வேணும்."

"சரி, இன்னைக்குக் கரண்ட் பில் கட்டணும். அதுல கட்டிக் குடுங்க."

"இப்பத் தொடாத. டெஸ்ட் ஓடுது."

எப்போதும் டெஸ்ட்தான் ஓடிக்கொண்டிருக்கும். இயந்திரத்தை வேண்டுமென்றே வேலை வாங்கி, தள்ளாடுகிறதா, திடீரென்று நின்றுவிடுகிறதா என்று பார்க்கும் சோதனை புரோகிராம்கள். அது எல்லாவற்றிலும் தேறியது. தேறித் தேறி அப்படியே உட்கார்ந்திருந்தது. கரண்ட் பில்லை மனைவி தன் போனில் கட்டினார்.

இந்த இயந்திரம் வந்தபோது, பழைய இயந்திரத்திலிருந்த பவர் சப்ளையைக் கழற்றினார். சுவரிலிருந்து கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற உறுப்புகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. கறுப்பு, கனம், பக்கவாட்டில் பொன்னிற எழுத்து. அதைப் பழைய துண்டில் சுற்றி அக்கா வீட்டுக்குக் கொண்டு போனார். அங்கே ஏற்கெனவே இருந்ததைக் கழற்றி, விரலால் தட்டிக் காட்டி, "டப்பாக்கா இது. குப்பை. இதப் போய் நம்பி வேலை செஞ்சியா?" என்றார். தன் பெட்டியை மாட்டினார். "இது மலை மாதிரி. உன் மத்த சாமானெல்லாம் போனாலும் இது போகாது." அக்காவுக்குச் சந்தோஷம். தம்பி தூக்கிக்கொண்டு வந்து தருகிறானே என்று இருந்தது. பழையதைத் தெருமுனைத் தொட்டியில் போடச் சொன்னார், அக்கா போட்டார்.

அக்காவின் பிழைப்பு பாடப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது. அச்சகக்காரர் கையெழுத்துப் பிரதியையும் படங்களையும் அனுப்புவார். அக்கா அவற்றை ஒழுங்காகப் பக்கம் பக்கமாக அடுக்கி, முழுப் புத்தகத்தையும் ஒரே கோப்பாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அடுக்கும்போது கம்ப்யூட்டர் சாதுவாக இருக்கும். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக்கச் சொல்லும்போதுதான் அதற்கு மூச்சு முட்டும். அந்த நேரம் பார்த்து அது பொட்டென்று அணைய ஆரம்பித்தது. எச்சரிக்கை கிடையாது, திரையில் ஒரு வரி கிடையாது. விளக்கை அணைத்தது போல.

முதல் தடவை அச்சகக்காரர் பொறுத்துக்கொண்டார். இரண்டாவது தடவை, "அம்மா, இந்த அறிவியல் புத்தகம் வெள்ளிக்கிழமை காலைல மிஷின்ல ஏறணும். ஏறலைன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். அப்புறம் மொத்த வேலையும் அவங்களுக்குத்தான் போகும், என்ன தப்பா நினைக்காதீங்க" என்றார். நல்ல மனிதர்தான், மிரட்டவில்லை. அதனால்தான் அக்காவுக்கு அதிகம் பயமாக இருந்தது. வேறு அச்சகம் அவருக்குத் தெரியாது.

தம்பிக்குப் போன் போட்டார். "இந்த போர்டுலயே ராம் கூட்டிக்கலாமா, புது பிராசஸர் ஏதாவது ஏத்துக்குமா, இல்ல போர்டே போயிடுச்சான்னு வந்து பாத்துச் சொல்லுடா."

வந்து பார்த்துச் சொல்வது என்றால் தீர்ப்புக்கு வெல்லம். அந்த ஞாயிற்றுக்கிழமை டார்ச்சு, பூதக்கண்ணாடி, ஸ்க்ரூடிரைவர் உறை சகிதமாக வந்தார். கேபினெட்டைத் திறந்ததுமே மூக்கு வழியாக அந்த மூச்சு.

"என்னக்கா இது, மியூசியமா?"

"ஓடிட்டுத்தானேடா இருந்துச்சு."

"மாட்டுவண்டிகூடத்தான் ஓடுது."

பூதக்கண்ணாடியை வைத்து போர்டின் மேல் சிற்றெறும்பு தேடுகிறவர் போலக் குனிந்தார். போர்டு கெட்டால் உப்பிக்கொள்ளும் கெப்பாசிட்டர் ஒன்றாவது கிடைக்கும் என்று தேடினார். ஒன்றும் உப்பவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ராமுக்கு இரண்டே இடம், இரண்டும் நிறைந்திருந்தன. இந்த வகை போர்டுக்குப் புது பிராசஸர் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பிராசஸரைச் சுற்றி மின்சாரத்தைச் சீராக்கும் பகுதியின் மேல் சூடு தணிக்க ஒரு தகடுகூட இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். சொன்னதில் எதுவும் பொய்யில்லை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கா கேட்டதும் அதுவல்ல, அவ்வளவுதான்.

"அணையுதே, அதுக்கு என்ன காரணம்?" என்று அக்கா கேட்டார்.

"காரணமா? இதுக்கு நாளைன்னு ஒண்ணு இல்லக்கா. நாளைக்கு ஆகாத போர்டு இன்னைக்கு மட்டும் எப்படி நிக்கும்?"

அது ஒரு பதில் போலவே ஒலித்தது. அக்காவும் தலையாட்டினார்.

"உள்ள இருந்து ஒரு சூட்டு வாசனை வருதுடா" என்று மட்டும் சொன்னார்.

"போர்டு வேகுது. வேற என்ன? கழட்டித் தூக்கிப் போடு. குப்பை."

அக்கா கையிலிருந்ததைப் போட்டுப் புது போர்டும், அதற்கேற்ற பிராசஸரும் ராமும் வாங்கினார். எது வாங்குவது என்று தீர்ப்பே முடிவு செய்தார். ராமுக்கு நாலு இடம், பாதி காலி. அக்கா அந்தக் காலி இடங்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். புதுசைக் கேபினெட்டில் பொருத்தி, தன் மலையிலிருந்து வயர்களை இழுத்துச் செருகி, பொத்தானை அழுத்தி, திரை எரிந்ததும் கைகளைத் தட்டிக்கொண்டார். "இனிமே பத்து வருஷத்துக்கு இத நீ திறக்க வேண்டாம்."

திங்கட்கிழமையே திறக்க வேண்டியதாயிற்று. அறிவியல் புத்தகத்தை ஒன்றாக்கச் சொல்லி அக்கா கட்டளை கொடுத்தார். பாதியில், பொட்டென்று அணைந்தது. பழைய போர்டைவிடச் சீக்கிரமாகவே அணைந்தது.

வேறு யாராவதாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து தலையைச் சொறிந்திருப்பார்கள். தீர்ப்புக்குத் தலையைச் சொறிகிற பழக்கம் இல்லை. அன்று மாலையே வந்து புது போர்டையும் பிராசஸரையும் ராமையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "என் வீட்டுல என் மேசைல வெச்சு முறையாச் சோதிக்கணும்." கேபினெட்டையும் எடுத்துக்கொண்டு போகலாமே என்றார் அக்கா. "அது சும்மா தகரம். பவர் சப்ளை மலை. ரெண்டையும் எதுக்கு நான் சுமக்கணும்?"

வீட்டில் அட்டைப்பெட்டியின் மேல் போர்டைக் கிடத்தி, தன்னுடைய இயந்திரத்தின் புது பவர் சப்ளையைச் செருகி, சோதனையை ஓடவிட்டார். அது ஓடியது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார், ஓடியது. மறுநாள் விடுப்பு எடுத்து எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மாலைவரை ஒரு இருமல்கூட இல்லை.

போர்டு என் வீட்டில் ஓடுகிறது, அக்கா வீட்டில் ஓடவில்லை. அப்படியானால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? சரியான கேள்விதான் கேட்டுக்கொண்டார். கையை நீட்டினால் விடை தட்டுப்படும் தூரத்தில் இருந்தது. ஆனால் தான் கொடுத்த பொருளின் பக்கம் அவர் புத்தி திரும்பவே இல்லை. மலையை யாராவது சந்தேகப்படுவார்களா? அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் பாக்கி இருப்பது ஒன்றுதான். அக்காவின் வீடு.

புதன்கிழமை போர்டைத் திரும்ப அக்காவின் கேபினெட்டில் மாட்டினார். அன்று அந்த வீட்டுக்குத் தீர்ப்பு வந்தது. சுவரில் பிளக் லூஸ். பிளக்கை மாற்றினார்கள். ஜன்னல் வழியாகத் தூசி. ஜன்னலை அடைத்தார்கள். அக்கா வியர்த்துக்கொண்டே வேலை செய்தார். அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜ் கரண்டை இழுக்கிறது என்றார். அக்கா போய், ஒன்றாக்குகிற நேரம் மட்டும் அதை அணைத்து வைக்க முடியுமா என்று கேட்டு, அந்தப் பெண்மணியின் பார்வையை வாங்கிக்கொண்டு திரும்பினார். மேசையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தினார்கள். நகர்த்தும்போது அக்காவின் கால் விரல் நசுங்கியது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அறிவியல் புத்தகம் பாதிவரை போனது. ஒவ்வொரு தடவையும் பொட்டென்று அணைந்தது.

வீடு தீர்ந்ததும் மிச்சம் இருந்தது அக்காதான்.

"நீ ஒரே நேரத்துல எத்தன ஃபைல திறந்து வெக்கிற?"

"புத்தகத்துல எத்தன பாடமோ அத்தன."

"அதான். மிஷின்னா ஒரு பக்குவமா நடத்தணும். நீ போட்டு அடிச்சா எந்த போர்டு தாங்கும்?"

அக்கா விரலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "என் வேலையே அதுதாண்டா. அதச் செய்யத்தானே இத வாங்கினேன்?"

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குக்கா. உனக்குப் பொறுமை இல்ல, எதுலயும் இருந்ததில்ல."

கடைசி வாக்கியம் கம்ப்யூட்டரைப் பற்றியது இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. தீர்ப்புக்கே வாய்க்குள் ஒரு மாதிரி இருந்தது. சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் அவருக்குத் தெரியாது. "நாளைக்கு இதவிட கனமான போர்டு ஒண்ணு கொண்டு வரேன். சிநேகிதன்கிட்ட இருக்கு. அதுவரைக்கும் எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் வியாழக்கிழமை. அதற்கடுத்த காலை புத்தகம் மிஷினில் ஏற வேண்டும்.

வியாழன் மாலை தொழிற்சாலையிலிருந்து நேராகச் சிநேகிதன் வீட்டுக்குப் போய், அந்த மூன்றாவது போர்டை வாங்கிக்கொண்டு, கையில் குழந்தையை ஏந்துவது போல ஏந்தி வந்தார். வழியெல்லாம் மனதுக்குள் பேச்சு ஓடியது. இது அணையாமல் நிற்கும், அப்போது அக்கா என்ன சொல்வாள், அதற்குத் தான் என்ன சொல்வது. அக்கா வேலை பிழைக்க வேண்டுமே என்ற கவலையும் இருந்தது, இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் தான் சொன்னது பலிக்க வேண்டுமே என்ற கவலை அதைவிட ஒரு படி மேலே உட்கார்ந்திருந்தது.

அக்கா வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. அடைத்துவைத்த ஜன்னலும் திறந்திருந்தது. நல்ல காற்று. உள்ளே கால் வைத்தவர் எதிலோ இடித்துக்கொண்டு, "எவன் இத இங்க வெச்சது?" என்று குனிந்தார். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கனமான கறுப்புப் பெட்டி முட்டுக் கொடுத்திருந்தது. பக்கவாட்டில் பொன்னிற எழுத்து.

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"செருப்ப வெளிய விட்டுட்டு வா" என்றார் அக்கா, திரும்பாமலே. மேசையின் மேல் ஒரு அட்டைப்பெட்டி மூடி. அதன் மேல் அந்தப் பழைய போர்டு, சட்டையில்லாமல், தூசியோடு, ராமுக்கு இரண்டே இடத்தோடு. அதற்குப் பக்கத்தில் யாரும் பெயர் கேள்விப்படாத ஒரு சின்ன பவர் சப்ளை, தகர நிறத்தில். திரையில் அறிவியல் புத்தகம் ஒன்றாகிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி தாண்டியிருந்தது.

"இத... தூக்கிப் போடலையா?"

"போடச் சொன்ன. மனசு வரல. வித்தாவது பாக்கலாம்னு காலைல கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கடைக்காரம்மா அவங்ககிட்ட இருந்த கரண்ட் பெட்டில மாட்டி ஓடவிட்டுட்டு வேற வேலையப் பாத்தாங்க. ஓடிட்டே இருந்துச்சு. 'நல்லாத்தானே இருக்கு, ஏன் விக்கிறீங்க'ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல." அக்கா நாற்காலியைத் திருப்பினார். "வீட்டுக்கு வந்து உக்காந்து யோசிச்சேன். போர்ட மாத்தினோம். ராம மாத்தினோம். பிளக்க மாத்தினோம். மேசைய மாத்தினோம். அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜக்கூட விடல. என்னை மாத்தறதுதான் பாக்கி, அதுக்கும் நீ நேத்து ஆரம்பிச்சுட்ட. மாத்தாதது அது ஒண்ணுதான். கடைக்காரம்மாகிட்டயே திரும்பப் போய் இந்தச் சின்னத வாங்கி மாட்டினேன்."

தீர்ப்பு வாசலில் கிடந்த பெட்டியைப் பார்த்தார். "அது நல்ல அயிட்டம்கா. வாங்கும்போது..."

"வாங்கும்போது நல்லாத்தான் இருந்திருக்கும். நீ எத்தன வருஷம் ஓட்டிட்டுக் குடுத்த?"

ஊரில் உள்ள குழாயெல்லாம் திருகிப் பார்த்தவர், தன் வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்ததை ஒரு தடவைகூடத் திருகிப் பார்த்ததில்லை.

"சொல்லியிருந்தா நான் அப்பவே..." என்று சப்பைக்கட்டு கட்டத் தொடங்கினார்.

"சூட்டு வாசனை வருதுன்னு சொன்னேன்டா." அக்காவின் குரல் உயரவில்லை. "உன்ன மட்டும் சொல்லல. நானும் அதச் சந்தேகப்படல. போர்டு மேல சந்தேகம் வந்துச்சு. வீட்டு மேல வந்துச்சு. நேத்து நீ போனதுக்கு அப்புறம், ஒருவேளை எனக்குத்தான் எதையும் வெச்சு நடத்தத் தெரியலையோன்னு என் மேலயே வந்துச்சு. ராத்திரி பூரா அதத்தான் நினைச்சுட்டுக் கிடந்தேன். அது மேல மட்டும் வரல. ஏன்னா தம்பி குடுத்தது. நீ பாத்துக் குடுத்தா நான் கண்ண மூடிட்டு வாங்கிக்குவேன். அப்பவும் அப்படித்தான். இப்பவும் அப்படித்தான்."

அப்பவும் என்பது எப்போது என்று அவர் கேட்கவில்லை. எதிரில் திரையில் கடைசிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சின்ன மின்விசிறி ஒன்று சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூக்கு வழியாக மூச்சு வந்தது, ஆனால் அது வழக்கமான மூச்சு இல்லை.

புத்தகம் முடிந்தது. அக்கா அதை அச்சகத்துக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் போன் அடித்தது. "வந்துடுச்சும்மா, திறந்து பாத்துட்டேன், எல்லாப் பக்கமும் இருக்கு. கணக்குப் புத்தகமும் உங்களுக்கே அனுப்பிடறேன்" என்று அச்சகக்காரர் சொன்னது தீர்ப்புக்கும் கேட்டது. அக்கா போனை வைத்துவிட்டு நசுங்கிய விரலை நீவிக்கொண்டார். சிரிக்கவில்லை. அழவும் இல்லை. அப்பாடா என்று மட்டும் சொன்னார்.

தீர்ப்பு மூன்றாவது போர்டை ஏந்தியபடியே நின்றிருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அத உன் வீட்டுக்கே எடுத்துட்டுப் போ. புதுசா வாங்கினதையும் எடுத்துக்கோ. நாளைக்கு வேணுங்கறது உனக்குத்தான். எனக்குக் கணக்குப் புத்தகம் இருக்கு."

போகும்போது வாசலில் குனிந்து அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கினார். இதையாவது கண் மறைவாகக் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்தார். முட்டு போனதும் கதவு காற்றில் படாரென்று அடித்தது.

"டேய், அத வெச்சுட்டுப் போ" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "கதவுக்கு அது நல்லா நிக்குது."

அவர் திரும்பவும் குனிந்து, இருந்த இடத்திலேயே வைத்தார். பழக்கதோஷத்தில் கதவை ஒரு தடவை ஆட்டியும் பார்த்தார். ஆடவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். 'குப்பை' என்கிற அந்த ஒரு வார்த்தைதான் நாக்குக்கு வந்தது, அதை எதன் மேல் ஒட்டுவது என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு செருப்பைத் தேடினார்.